அம்மன் கையில் பிரேக்

குப்புறாம்பாளையத்தில் முட்டாள்கள் வாழ்ந்தார்கள் என்று நான் ஆரம்பித்தால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். "அதெப்படி வாழ்ந்தார்கள்னு எழுதலாம்? நாங்க இன்னும் உசுரோடதானே இருக்கறோம்?" என்பார்கள். நியாயம்தான். அதனால் மாற்றிச் சொல்கிறேன். குப்புறாம்பாளையத்தில் முட்டாள்கள் வாழ்கிறார்கள், நன்றாகவே வாழ்கிறார்கள், அவர்களில் ஒருவன் பெயர் செங்கோடன்.

செங்கோடன் மாவு மில் வைத்திருந்தான். உயரம் என்றால் அவனுக்கு ஆகாது. பல்பு மாட்ட ஸ்டூல் மேல்கூட ஏற மாட்டான். அதனால் மில்லில் பல்பை நீளமான ஒயரில் முழங்கால் உயரத்துக்குத் தொங்கவிட்டிருந்தான். மாவு அரைக்க வருகிறவர்களின் முகம் இருட்டில் இருக்கும், செருப்பு மட்டும் பளிச்சென்று தெரியும். செருப்பை வைத்தே யார் என்று சொல்லிவிடுவான். அப்படித்தான் கோகிலவாணியின் செருப்பைப் பார்த்து மனசைப் பறிகொடுத்தான். பிறகு ஒருநாள் தெருவில் முகத்தையும் பார்த்தான். அதுவும் நன்றாகவே இருந்தது.

கோகிலவாணிக்கும் அவன் மேல் பிரியம்தான். அவளுடைய அப்பா நாச்சிமுத்துதான் ஒத்துக்கொள்ளவில்லை. "உங்க மில்லுல வெளிச்சமெல்லாம் கீழ இருக்குது. எம் புள்ள தலை காலம் பூராவும் இருட்டுல இருக்கோணுமா?" என்று கேட்டார்.

செங்கோடன் நேராகக் காட்டம்மன் கோயிலுக்குப் போனான். என்ன வேண்டிக்கொள்வது என்பதில் சிக்கல் வந்தது. மொட்டை அடிக்கிறேன் என்று சொல்லலாம், ஆனால் தலையில் இருந்த முடி ஏற்கெனவே பாதி கிளம்பிப் போயிருந்தது. அம்மனை ஏமாற்றியதாக ஆகிவிடும். தீ மிதிக்கலாம், ஆனால் ஊரே மிதிக்கிறது, அந்தக் கூட்டத்தில் அம்மனுக்குத் தன்னை அடையாளம் தெரியாது. அலகு குத்தலாம் என்றால் ஊசி என்றாலே அவனுக்குப் பயம். கிடா வெட்டலாம், ஆனால் இந்தக் கல்யாணத்துக்கும் கிடாவுக்கும் என்ன சம்பந்தம்? யோசித்துக்கொண்டே செல்போனைத் திறந்தான். எந்த நாட்டிலோ யாரோ ரோலர் கோஸ்டரில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கத்துவது ஓடியது.

"தாயே, நாச்சிமுத்து மாமன் சரின்னு சொல்லிட்டா நான் உனக்கு ரோலர் கோஸ்டர் ஏறுறேன்" என்று கும்பிட்டான். பக்கத்தில் எங்கேயும் ரோலர் கோஸ்டர் கிடையாது என்கிற விவரத்தை மட்டும் அம்மனிடம் சொல்லாமல் விட்டுவிட்டான்.

பூசாரி வேலப்பன் மைக்கை அணைக்காமல் டீ குடிக்கப் போயிருந்தார். ஊர் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது.

அடுத்த வாரமே கோகிலவாணியைப் பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் தவறிப்போய் எதிர்வீட்டுக்குள் நுழைந்து, அங்கே இருந்த பெண்ணைப் பார்த்து, பிடித்துப்போய், தட்டு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நாச்சிமுத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளூரில் மாப்பிள்ளை என்று கைவசம் மிச்சமிருந்தது செங்கோடன் ஒருவன்தான். கூப்பிட்டு அனுப்பினார்.

"கட்டிக்குங்க. ஆனா ஒண்ணு. அம்மனுக்குப் பாக்கி வச்சிருக்கறவன் கையால எம் புள்ள கழுத்துல தாலி ஏறக் கூடாது. மொதல்ல ரோலர் கோஸ்டர், அப்புறம் தாலி. ஆனி மாசக் கடைசி முகூர்த்தத்துக்குள்ள முடிக்கோணும். ஆடி பொறந்துருச்சுன்னா நான் தாராபுரத்துப் பையனுக்குப் பேசிருவேன். அந்தப் பையன் சாமியே கும்புடறதில்ல. அதனால வேண்டுதல் பாக்கின்னு ஒண்ணும் இருக்காது."

செங்கோடனுக்குச் சோறு இறங்கவில்லை. கோகிலவாணி இல்லாமல் அந்த மில்லுக்கு எத்தனை செருப்பு வந்தால்தான் என்ன என்று நினைத்து நினைத்து அழுதான். அழுதது அவளை நினைத்துப் பாதி, ரோலர் கோஸ்டரை நினைத்துப் பாதி. நகரத்துப் பொழுதுபோக்குப் பூங்காவில் விசாரித்தார்கள். அங்கே ரோலர் கோஸ்டரைப் பிரித்துப் போட்டு மராமத்து நடக்கிறது, ஆடி கழிந்துதான் ஓடும் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்போதுதான் ரங்கசாமி ஒரு சேதி கொண்டுவந்தார். ரங்கசாமி உலகம் தெரிந்தவர். சென்னைக்குப் போகும்போது ஒருமுறை பஸ் ஜன்னல் வழியாக ரோலர் கோஸ்டரைக் கண்ணால் பார்த்தவர். பஸ் அங்கே நிற்கவில்லை. ஆகவே அவர் பார்த்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது, அதைப் பற்றிப் பேசியது வருஷக்கணக்கில் இருக்கும்.

"வெள்ளாரமலை மேல புதுசா ஒண்ணு வந்திருக்குதுங்க. ஆல்பைன் கோஸ்டராம். பேர்ல கோஸ்டர் இருக்குது. ரோலர் இருக்குதான்னு போய்த்தான் பாக்கோணும்."

ஆனிக் கடைசி முகூர்த்தத்துக்கே கல்யாணம் குறித்திருந்தார்கள். அதற்கு முதல் நாள் காலையில் கிட்டுசாமியின் வேனில் கிளம்பினார்கள். நாச்சிமுத்து சாட்சிக்கு வந்தார், பூசாரி வேலப்பன் அம்மன் சார்பில் வந்தார், ரங்கசாமி நிபுணராக வந்தார். கிட்டுசாமி போர்டு படித்து நடக்கிற ஆள். மலை அடிவாரத்தில் 'முதல் கியரில் செல்லவும்' என்று எழுதியிருந்தது. எதுவரைக்கும் என்று எழுதவில்லை. மேலே சமதரையிலும், கார் நிறுத்துமிடத்திலும், நிழல் தேடிச் சுற்றியபோதும் அவர் முதல் கியரிலேயே போனார். வேன் கதறியது. தாங்கள் கொண்டுவந்த தயிர்ச்சோறு புளித்துப்போகும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆல்பைன் கோஸ்டர் என்பது இதுதான். மலைச்சரிவில் தரையை ஒட்டியே இரும்புத் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். அது மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்குகிறது. அதன்மேல் சின்னச் சின்னத் தொட்டிகள். ஒரு தொட்டியில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்காரலாம். கீழிருந்து ஒரு கம்பி வடம் தொட்டியை மலையுச்சிக்கு இழுத்துக்கொண்டு போய் விடும். அங்கிருந்து தானாகச் சறுக்கிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். பின்னால் இருப்பவரின் பக்கவாட்டில் ஒரு லீவர். முன்னால் தள்ளினால் ஓடும், பின்னால் இழுத்தால் நிற்கும், சும்மா விட்டாலும் நின்றுவிடும்.

வரிசைக்குப் பக்கத்தில் 'இங்கே நிற்கக் கூடாது' என்று ஒரு போர்டு. கிட்டுசாமி படித்துச் சொன்னதும் ஐவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பின்னால் வந்த சுற்றுலாக்காரர்கள் இதுதான் முறை போலிருக்கிறது என்று அவர்களும் உட்கார்ந்தார்கள். தொட்டிகளை அனுப்புகிற எட்வின் வந்து பார்த்தபோது ஒரு கல்யாணப் பந்தியே இலைக்குக் காத்திருந்தது.

"தம்பி, நேரா கேக்கறேன், மறைக்காம சொல்லோணும்" என்றார் நாச்சிமுத்து. "இது நிஜமான ரோலர் கோஸ்டரா?"

எட்வின் பாவம், படித்த பையன். உண்மையைச் சொன்னான். "அதுல ரெண்டு கட்சி இருக்குங்க சார். தண்டவாளம் இருக்கு, சக்கரம் இருக்கு, மேல இருந்து கீழ தானா ஓடுது, அதனால ரோலர் கோஸ்டர்தான்னு சிலர் சொல்லுவாங்க. பிரேக் நம்ம கையில இருக்கறதால இது வேற ஜாதின்னு சிலர் சொல்லுவாங்க. உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படி வச்சுக்கலாம்."

எப்படித் தோணுதோ அப்படி என்று குப்புறாம்பாளையத்துக்காரர்களிடம் சொல்லக் கூடாது. அங்கேயே சபை கூடிவிட்டது.

"பிரேக் நம்ம கையில இருந்தா அது வண்டிங்க" என்றார் நாச்சிமுத்து. "நானும் தெனமும் மொபெட்டுல பால் ஊத்தப் போறேன். பள்ளத்துல எறங்கறேன், மேட்டுல ஏறுறேன். அதையெல்லாம் வேண்டுதல்னு எழுதிக்க முடியுமா?"

"தீ மிதிக்கறப்ப நடுக்குண்டத்துல பிரேக் போட்டு நிக்க முடியுமா? முடியாது" என்றார் பூசாரி. "சாமி காரியத்துல பிரேக்கே கிடையாதுங்க."

"ஏனுங்க, தேருக்கு இருக்குதே" என்றார் கிட்டுசாமி. "சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டை போடறாங்களே, அது பிரேக்குதானுங்களே? அதுக்காகத் தேரை வண்டிங்கறமா?"

ரங்கசாமி கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"தேருக்கு பிரேக் இருக்குது. ஆனா அது யார் கையில இருக்குது? உள்ள உக்காந்திருக்கற சாமி கையில இல்ல. வெளிய இருக்கற ஆசாரி கையில இருக்குது. அதுதான் சங்கதி. தன் கையில பிரேக் இருந்தா வண்டி. அடுத்தவன் கையில இருந்தா ரோலர் கோஸ்டர். மாப்பிள்ளை முன்னால உக்காரட்டும், பின்னால வேற ஆள் உக்காந்து லீவரைப் புடிக்கட்டும். ஒரே தொட்டிதான். முன்னால இருக்கறவருக்கு அது ரோலர் கோஸ்டர், பின்னால இருக்கறவருக்கு வண்டி."

செங்கோடன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இது ரோலர் கோஸ்டர் இல்லை என்று தீர்ப்பானால் கோகிலவாணி போய்விடுவாள். ரோலர் கோஸ்டர்தான் என்று தீர்ப்பானால் இதில் ஏற வேண்டும். எந்தப் பக்கம் வேண்டிக்கொள்வது என்றே அவனுக்குப் புரியவில்லை. ஏற்கெனவே வேண்டிக்கொண்டதில் பட்டதே போதும் என்று கம்மென்று இருந்தான்.

லீவர் பிடிக்க நாச்சிமுத்துவே முன்வந்தார். "தொளதொளன்னு துணி இருந்தா சக்கரத்துல மாட்டிக்கும் சார், கவனம்" என்றான் எட்வின். நாச்சிமுத்து தன் வேட்டியைக் குனிந்து பார்த்தார். தொளதொளவென்றுதான் இருந்தது. அவிழ்த்து மடித்துப் பூசாரி கையில் கொடுத்துவிட்டு, பட்டாபட்டி டிராயரோடு ஏறி உட்கார்ந்தார். வரிசையில் இருந்த பெண்கள் மரங்களைப் பார்த்தார்கள்.

வடம் இழுத்துக்கொண்டு போனது. செங்கோடன் கண்ணை இறுக மூடிக்கொண்டு கோகிலவாணியின் செருப்பை நினைத்துக்கொண்டான். உச்சியைத் தாண்டியதும் தொட்டி இறங்க ஆரம்பித்தது. முதல் வளைவிலேயே ஒரு போர்டு, 'வளைவில் பிரேக் பிடிக்கவும்.' நாச்சிமுத்து பிடித்தார். தொட்டி நின்றது. பிடித்த பிறகு விடவும் என்று அடுத்த போர்டு வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

பின்னாலேயே பூசாரியும் கிட்டுசாமியும் வந்தார்கள். முன்னால் போகிறவர்களுக்கும் உங்களுக்கும் நல்ல இடைவெளி விடுங்கள் என்று எட்வின் சொல்லியிருந்ததால் மேலேயே வெகுதூரத்தில் நின்றுவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு புதுமணத் தம்பதி, அதற்குப் பின்னால் ஒரு பாங்கு மேனேஜர் குடும்பம். மலைச்சரிவு முழுக்கத் தொட்டிகள் வரிசையாக நின்றன.

மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் எட்வின் குரல் வந்தது. "முதல் தொட்டியில இருக்கறவங்க லீவரை விடுங்க சார்."

நாச்சிமுத்து லீவரை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். தொட்டி அசையவில்லை.

"விட்டா நின்னுரும் சார். முன்னால தள்ளுங்க."

நாச்சிமுத்துவுக்கு முன்னால் இருந்தது செங்கோடன். இரண்டு கையாலும் அவன் முதுகைப் பிடித்துத் தள்ளினார். செங்கோடன் ஐயோ என்று தொட்டி விளிம்பைக் கட்டிக்கொண்டான். "தள்ளிட்டேன் தம்பி, பெல்ட் போட்டிருக்கறதால போக மாட்டேங்கறாரு" என்று மரத்தைப் பார்த்துப் பதில் சொன்னார்.

கடைசியில் எட்வினே மேட்டில் ஓடிவந்து லீவரைக் காட்டிக்கொடுத்தான். பிறகு நாச்சிமுத்து எருமை ஓட்டுகிற வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்தார். செங்கோடன் மெல்ல ஒரு கண்ணைத் திறந்தான். தரை கை எட்டும் தூரத்தில் இருந்தது. காபிச் செடி இருந்தது, ஒரு கன்றுக்குட்டி மேய்ந்துகொண்டிருந்தது. இவ்வளவுதானா என்று அவனுக்குச் சந்தோஷமாகிவிட்டது. கீழே வந்து சேரும்போது முகம் முழுக்கச் சிரிப்பு.

அதுதான் வினையாகிவிட்டது.

"சிரிச்சுக்கிட்டு வர்றாரு" என்றார் ரங்கசாமி. "அலகு குத்தறவன் எவனாச்சும் சிரிப்பானா? செல்லாதுங்க. ரோலர் கோஸ்டர்னா அலறல் வேணும். நான் பாத்தப்ப பஸ் கண்ணாடியை மூடியிருந்துச்சு, அதையும் தாண்டிக் கேட்டுச்சு."

செங்கோடனின் சிரிப்பு அப்படியே முகத்தில் காய்ந்துபோனது. மறுபடியும் ஏற வேண்டியதாயிற்று. இந்தத் தடவை மெதுவாகப் போகக் கூடாது என்று நாச்சிமுத்து லீவரை முழுக்க முன்னால் தள்ளி, தோள் துண்டால் கட்டிவிட்டார். அவிழ்ப்பதைப் பற்றி யோசிக்கவில்லை. உச்சியைத் தாண்டியதும் காபிச் செடி, கன்றுக்குட்டி, போர்டு எல்லாம் ஒன்றாகக் கலந்து பச்சையாக ஓடின. மலையே அதிரும்படி ஒரு அலறல் கேட்டது. கீழே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள், போர்டை மீறி.

தொட்டி வந்து நின்றது. அலறிக்கொண்டிருந்தது நாச்சிமுத்து. செங்கோடன் தலையைத் தொங்கப்போட்டு மயங்கிக் கிடந்தான்.

பூசாரி அவன் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "மயக்கத்துல போனது கணக்குல வராதுங்க. உடம்பு போயிருக்குது, ஆளு போகல. மூட்டையைக் கட்டி அனுப்புன மாதிரிதான். அலறுனது இவரு. அப்படிப் பாத்தா வேண்டுதலை முடிச்சது மாமனாருதான்."

"நான் ஒண்ணும் வேண்டலையே" என்றார் நாச்சிமுத்து, குரல் கம்மிப்போய்.

"அதனால இப்ப அம்மன்தான் உங்களுக்கு ஒரு வரம் பாக்கிங்க. என்ன வேணும்னு நிதானமா யோசிச்சு வைங்க."

நாச்சிமுத்து யோசிக்கவே இல்லை. "எனக்கு என் வேட்டி வேணும்" என்றார். பூசாரி உடனே கொடுத்தார். அம்மன் பாக்கி தீர்ந்தது. செங்கோடன் பாக்கி அப்படியே இருந்தது.

கண் விழித்ததும் செங்கோடன் அழுதான். வெட்கப்படாமல் அழுதான். "மாமா, என்னால முடிஞ்சதைச் செஞ்சுட்டேனுங்க. சிரிச்சாலும் செல்லாதுங்கறீங்க, மயங்குனாலும் செல்லாதுங்கறீங்க. அம்மனே வந்து இது செல்லும், செல்லாதுன்னு சொல்லிட்டா நான் கேட்டுக்கறேன். நீங்க நாலு பேரும் சொன்னா எனக்குப் பயமா இருக்குது."

இதைக் கேட்டதும் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை எளிய வழி தோன்றாமல் போயிற்றே என்று வெட்கப்பட்டார்கள். அம்மனையே கேட்டுவிடலாம். ஆனால் அம்மன் ஆல்பைன் கோஸ்டரைப் பார்த்ததே இல்லை. பார்க்காததைப் பற்றி அம்மன் எப்படித் தீர்ப்புச் சொல்லுவாள்?

"கூட்டிட்டு வந்து காட்டிரலாம்" என்றார் பூசாரி. "பாக்கறது என்ன, ஏத்தியே விட்டுரலாம். முன்னால மாப்பிள்ளை, பின்னால அம்மன். பிரேக் அம்மன் கையில. அதுக்கு மேல யாரு என்ன கேக்க முடியும்?"

ரங்கசாமிகூட எதிர்த்துப் பேசவில்லை.

மறுநாள் விடிந்ததும் கல்யாணக் கூட்டம் மொத்தமும் மலையேறியது. பூசாரி அம்மனைக் கும்பத்தில் எழுந்தருளச் செய்து, வேப்பிலை சுற்றி, மேலே தேங்காய் வைத்து, மடியில் வைத்துக்கொண்டு வந்தார். முகூர்த்தத்துக்குள் வேண்டுதலை முடித்துவிட்டு அங்கேயே புல்வெளியில் தாலி கட்டிவிடலாம் என்று ஏற்பாடு. கோகிலவாணி பட்டுப்புடவையில் மாலையோடு வந்தாள். செங்கோடன் பட்டு வேட்டியில் இருந்தான். மேளக்காரர்கள் மேளத்தோடு வந்தார்கள்.

"பானையெல்லாம் ஏத்தக் கூடாதுங்க" என்றான் எட்வின்.

"பானையா? எங்க அம்மன் தம்பி."

எட்வின் கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிறகு தொழில் ஞாபகம் வந்தது. "இல்லைங்க, இவ்வளவு உயரம் கம்மியா இருக்கறவங்களைப் பின்னால தனியா உக்கார வைக்க முடியாது. குழந்தைங்க முன்னாலதான் உக்காரணும்."

"குழந்தையா? உலகத்துக்கே தாய்" என்றார் நாச்சிமுத்து. "வயசு யுகக்கணக்குல ஆகுது. அவளுக்கு உங்க பாட்டனே குழந்தைதான், வேணும்னா அவரை முன்னால உக்கார வைக்கலாம், தப்பில்ல."

எட்வின் வானத்தைப் பார்த்தான். அவனுக்கும் அன்றைக்கு வேறு வேலை இருந்தது. கும்பத்தைப் பின் இருக்கையில் வைத்து, பெல்ட்டை இரண்டு சுற்றுச் சுற்றி மாட்டிக்கொடுத்தான். செங்கோடன் முன்னால் உட்கார்ந்தான். வடம் இழுத்தது. கூட்டம் குலவை போட்டது.

தொட்டி உச்சியில் போய் வடத்திலிருந்து கழன்று, நின்றுவிட்டது. லீவரைத் தள்ள ஆள் இல்லை.

"தள்ளுங்க சார், கையை நீட்டினா எட்டும்" என்று கெஞ்சியது ஒலிபெருக்கி.

"தொடாதீங்க மாப்ளே, தொட்டா வண்டி ஆயிரும்" என்று அதே ஒலிபெருக்கியில் நாச்சிமுத்துவின் குரல் வந்தது.

"அம்மன் இன்னும் உத்தரவு குடுக்கல, பொறுமையா இருங்க" என்றது பூசாரியின் குரல்.

செங்கோடன் பொறுமையாக இருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை, அசையவில்லை. கீழே பார்த்தால் தலை சுற்றியது, அதனால் தன் மடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகூர்த்தம் கரைந்துகொண்டிருந்தது. இது தாண்டினால் ஆடி. ஆடியில் தாராபுரத்துப் பையன். அம்மா தாயே, ஒரு விரலால் தள்ளு, போதும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

கீழே கோகிலவாணிக்குப் பொறுமை போய்விட்டது. "அவரு வர்றதுக்குள்ள எனக்கு வயசாயிரும். நான் போறேன்" என்று சொல்லிக்கொண்டே ஒரு தொட்டியில் ஏறிவிட்டாள். மகள் தனியாகப் போகிறாளே என்று நாச்சிமுத்து தாலித் தட்டோடு அவளுக்குப் பின்னால் ஏறினார். தாலி போகிற இடத்துக்கு மேளம் போக வேண்டாமா? மேளக்காரர்கள் ஏறினார்கள். பூசாரி, ரங்கசாமி, கிட்டுசாமி, சமையல்காரர் எல்லாரும் ஏறினார்கள். மலைமேல் தொட்டித் தொட்டியாகக் கல்யாணம் ஏறிப் போனது. தவில்காரர் தவிலையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பெல்ட் போட்டிருந்தார்.

கோகிலவாணியின் தொட்டி அம்மன் தொட்டிக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டு நின்றது.

"ஏனுங்க" என்று கூப்பிட்டாள்.

செங்கோடன் அப்போதுதான் திரும்பினான். வேப்பிலைக்கு மேலே அவள் முகம் தெரிந்தது. நல்ல வெளிச்சத்தில், இத்தனை பக்கத்தில் அவன் அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை. பயம் போன இடம் தெரியவில்லை.

"முகூர்த்தம் முடியப் போகுதுங்க. கட்டறதா இருந்தா இப்பவே கட்டீருங்க" என்றாள்.

நாச்சிமுத்து அவசரத்தில் தட்டை நீட்டிவிட்டார். செங்கோடன் தாலியை எடுத்தான். கோகிலவாணி கும்பத்துக்கு மேலே குனிந்து கழுத்தை நீட்டினாள். எங்கேயாவது கை ஊன்ற வேண்டுமே என்று பார்த்தாள், ஒரு பிடி தெரிந்தது, அதில் ஊன்றினாள். கெட்டிமேளம் முழங்கியது. செங்கோடன் மூன்று முடிச்சையும் போட்டுவிட்டுக் கையை எடுத்தான். நிமிர்வதற்காகக் கோகிலவாணி முன்னால் தள்ளிய அந்தப் பிடி அம்மனுடைய லீவர்.

தொட்டி பறந்தது. கோகிலவாணியின் மாலை கழுத்திலிருந்து நழுவி லீவரில் சிக்கி அதை முன்னாலேயே இழுத்து வைத்துக்கொண்டது. செங்கோடன் கண்ணைத் திறந்தபடி, மயங்காமல், சிரிக்காமல், முதல் வளைவிலிருந்து கடைசி வளைவு வரைக்கும் அலறினான். அந்த அலறலைப் பக்கத்து எஸ்டேட்டில் சங்கு என்று நினைத்து வேலையை நிறுத்திவிட்டார்கள். பின்னாலேயே மற்றத் தொட்டிகளும் மேளச் சத்தத்தோடு இறங்கின.

கீழே வந்ததும் எல்லாரும் செங்கோடனைக் கட்டிக்கொண்டார்கள். அலறினான், சரி. விழித்திருந்தான், சரி. பிரேக் அவன் கையில் இல்லை, சரி. தேங்காய்கூட அசையவில்லை, அம்மனுக்கும் திருப்தி. பாக்கி தீர்ந்தது என்று பூசாரி விபூதியை எடுத்தார். எடுத்த கை பாதியில் நின்றது.

"மொதல்ல ரோலர் கோஸ்டர், அப்புறம் தாலின்னு பேச்சு" என்றார் மெதுவாக. "இப்ப மொதல்ல தாலி, அப்புறம் ரோலர் கோஸ்டர் ஆயிருச்சுங்களே."

கட்டின தாலியை அவிழ்க்க முடியாது. நாச்சிமுத்து சற்று யோசித்துவிட்டு எட்வினிடம் போனார்.

"தம்பி, எல்லாரும் அப்படியே உக்காந்துக்கறோம். நீங்க பின்பக்கமா ஓட்டி, வந்த வழியே எங்களை ஒசக்க கொண்டுபோய், தாலி கட்டறதுக்கு முந்தி இருந்த எடத்துல விட்டுருங்க. அங்கிருந்து நாங்க ஒழுங்கா வந்துக்கறோம்."

"இது பின்பக்கமா ஓடாதுங்க சார்" என்றான் எட்வின்.

"ஓடாதா?" என்றார் ரங்கசாமி. அவர் முகம் இருண்டுவிட்டது. "நான் பாத்தது முன்னாலயும் போச்சு, பின்னாலயும் போச்சுங்க. அப்ப இது நிஜமான ரோலர் கோஸ்டரே இல்லையே."

நாச்சிமுத்து கோகிலவாணியின் கழுத்தைப் பார்த்தார், செங்கோடனைப் பார்த்தார், தாராபுரம் இருக்கிற திசையைப் பார்த்தார். செங்கோடனுக்கு உயிரே போய்விட்டது. மனைவி பக்கத்தில் நிற்கிறாள், ஆனால் அவள் மனைவியா இல்லையா என்பது இன்னும் சபையில் இருக்கிறது. தடாலென்று கும்பத்துக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"தாயே, மாமன் மட்டும் இதை ரோலர் கோஸ்டர்னு ஒத்துக்கிட்டா, நான் உனக்கு ஏரோப்ளேன்ல இருந்து குதிக்கிறேன்."

"ஒத்துக்கிட்டேன்" என்றார் நாச்சிமுத்து.

கூட்டம் குலவை போட்டது. கோகிலவாணி புருஷனைத் தூக்கி நிறுத்தி வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். பூசாரி நிம்மதியாக விபூதி பூசினார். கிட்டுசாமி வேனைத் துடைக்கப் போனார். ரங்கசாமி மட்டும் கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் வானத்தைப் பார்த்தார்.

"பாராசூட் கட்டிக்கிட்டுக் குதிச்சா கணக்குல சேராதுங்க" என்றார்.